அவர் பெயரில் ஏழு வடிவங்கள்

எனக்கு வளவளவென்று எழுதினால் பிடிக்காது. ஒரு வாக்கியத்தில் சொல்லக்கூடியதை மூன்றில் சொல்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அந்தக் குணத்தை வைத்துத்தான் வேலை பார்த்தேன். ஒரு பெண்ணின் ஏழு மாதத்தை நான் பாழாக்கியதும் அதே குணத்தால்தான். அதை இப்போதாவது மழுப்பாமல் எழுதிவிடப் பார்க்கிறேன்.

சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் நாலு வருஷம் குப்பை கொட்டினேன். கணவர் சிங்கப்பூர் போனதும் வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் அப்பா வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். பிராட்பேண்ட் புதிதாக வந்திருந்தது, கரண்ட்தான் வராது. பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கட் என்றால் கட்தான். அந்த இரண்டு மணி நேரமும் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். இரண்டு மணிக்கு எல்லா வீட்டிலும் மிக்ஸியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் அலறும்.

சும்மா இருக்கப் பிடிக்காமல், எழுதுவதற்கான ஓர் இலவசச் செயலியின் குழுவில் சேர்ந்தேன். உலகமெங்கும் உள்ளவர்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து செய்கிற செயலி அது. அதில் ஓட்டை எங்காவது இருந்தால், அதை அடைக்கச் சில வரிகள் எழுதி யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அதற்குப் பேட்ச் என்று பெயர், கிழிந்த சட்டைக்குப் போடுகிற ஒட்டுத்துணி மாதிரி. வருகிற பேட்சை மூத்தவர்கள் படித்துப் பார்த்துச் சேர்ப்பார்கள் அல்லது திருப்பி அனுப்புவார்கள். அது வரைக்கும் பேட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியலில் தெரியும். பார்வையில், திருத்தம் தேவை, புதிய வடிவம், சேர்க்கப்பட்டது, கைவிடப்பட்டது. இப்படி ஐந்து நிலை. ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று தமிழில் ஒரு விளக்கப் பக்கம் எழுதுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

மூல விளக்கம் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் ஓடியது, ஒவ்வொன்றுக்கும் ஆனால், ஒருவேளை, சில சமயம் என்று வால் தொங்கியது. நான் எல்லா வாலையும் நறுக்கிவிட்டு ஒரே பக்கத்தில் அடக்கினேன். ‘புதிய வடிவம்’ என்பதற்கு நான் எழுதியது இது: “எழுதியவர் தம் பேட்சைத் திருத்தி மீண்டும் அனுப்பியிருக்கிறார். அவர் இதில் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்.” சுருக்கம், தெளிவு, ஒரு சொல் மிகை இல்லை. பக்கத்தின் அடியில் என் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு பேட்ச் எனக்கு வேண்டியதாக இருந்தது. கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் அணைந்தால், எழுதிக்கொண்டிருந்த பக்கத்தைச் செயலி பிறகு மீட்டுக் கொடுக்கும். ஆனால் தமிழாக இருந்தால் கொம்பும் காலும் கழன்று எழுத்தெல்லாம் புள்ளிபுள்ளி வட்டமாகக் கிடக்கும். என் பக்கங்கள் இப்படி எத்தனையோ தடவை நாசமாகியிருந்தன. அதைச் சரிசெய்ய ஒருவர் பேட்ச் அனுப்பியிருந்தார். வளைகுடாவில் ஸ்டோர் கீப்பர் என்று தம்மைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தார். ஓய்வு நேரத்தில் தாமாகக் கற்றுக்கொண்டவர். முதல் வடிவத்தில் குறை சொன்னார்கள், திருத்தி இரண்டாவது வடிவம் அனுப்பினார். “தாமதத்துக்கு மன்னிக்கவும், ஷிஃப்ட் மாறிவிட்டது” என்று கூடவே ஒரு குறிப்பு. அதற்குப் பிறகு அவரிடமிருந்து பேச்சே இல்லை.

ஒரு பேட்ச் காத்துக் கிடந்தால் கெட்டுப்போகும். அடியில் இருக்கிற செயலி மாதாமாதம் மாறிக்கொண்டே போகும், போன மாதம் வெட்டிய ஒட்டு இந்த மாதம் பொருந்தாது. எழுதியவரைக் காணவில்லையென்றால் வேறு யாராவது அதைப் புதிதாகப் பொருத்தி ஏற்றிவைக்கலாம். அப்படி ஏற்றினாலும் பட்டியலில் எழுதியவர் பெயர்தான் வரும், உழைப்பு அவருடையது என்பதால் அப்படி ஒரு வழக்கம். பொருத்தியவர் பெயர் உள்ளே இன்னொரு பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை.

எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. எங்கள் நிலத்துக்கு இன்னும் பட்டா அப்பாவின் பெரியப்பா பெயரில்தான் இருக்கிறது. அவர் மலேயாவுக்குப் போனவர் போனவர்தான். சிட்டா எடுத்தால் இன்றைக்கும் அவர் பெயர் வரும், இருந்தால் நூற்றுப்பத்து வயது இருக்கும். அப்பா வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊரார் பட்டாவையெல்லாம் மாற்றிக் கொடுத்தவர், தன் பட்டாவை மட்டும் மாற்றவில்லை. கேட்டால், “பேரு அவரோடதா இருந்துட்டுப் போவட்டும். நாத்து நடுறது நாமதானே?” என்பார்.

நானும் நட்டேன். மூன்றாவது வடிவத்தைப் பொருத்தி, ஒரு நாள் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஏற்றினேன். பட்டியலில் அவர் பெயர், நிலை ‘புதிய வடிவம்’, பக்கத்தில் அன்றைய தேதி.

இரண்டே காலுக்குக் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. பெயர் இல்லாமல், விருந்தினர் என்ற அடையாளத்தில்.

“சாப்டாச்சா?”

யாரோ இடம் மாறி எழுதிவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த மாதம் நான்காவது வடிவம் ஏற்றினேன். அதே இரண்டே கால். “இங்க மழை. கொல்லையில முருங்கை சாஞ்சிருச்சு. நீங்க சாப்டாச்சா?” அன்றைக்குத் தஞ்சாவூரிலும் மழைதான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பக்கத்து வீட்டு முருங்கை நிமிர்ந்துதான் நின்றது, ஆனாலும் எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஐந்தாவதுக்கு, “மாமிக்கு உங்க குரல கேக்கணுமாம். ஒரு தடவ பேசுனா போதும்.”

பேட்சைப் படித்துப் பார்க்கும் மூத்தவர்களில் ஒருவர் ஐரோப்பாவில் இருந்தார். இது என்ன மொழி, பேட்சைப் பற்றி ஏதாவது சொல்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். தொடர்பில்லாதது என்று பதில் எழுதிவிட்டு மூன்று பின்னூட்டங்களையும் மறைத்தேன். விதி அப்படித்தான் சொல்கிறது. ஆறாவது வடிவம் ஏற்றிய அன்று இரண்டே காலுக்கு நான் வேண்டுமென்றே எழுந்து கீழே போய்விட்டேன். அப்பாவுக்கு மோர் கலந்து கொடுத்துவிட்டு மாடிக்கு வந்தபோது அது காத்திருந்தது.

“ஏன் அழிக்கிறீங்க? பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், திரும்பிப் பார்த்தேன். பட்டப்பகல். கட்டில், துணி காயும் கொடி, மூலையில் அரிசி மூட்டை. அவ்வளவுதான் இருந்தது. அப்போதுதான் இரண்டே கால் என்ற கணக்கு எனக்கு உறைத்தது. எனக்குக் கரண்ட் வரும் நேரத்தில்தான் அந்த ஆளுக்கும் கரண்ட் வருகிறது. கம்ப்யூட்டர் உயிர் பெற்று இணைப்பு கிடைக்கக் கால் மணி ஆகிறது. எழுதுவது வளைகுடாவிலிருந்து இல்லை. எங்கள் பக்கம்தான் எங்கேயோ, என்னைப் போலவே இருட்டுத் திரைக்கு முன்னால் இரண்டு மணி அடிக்கக் காத்திருக்கும் ஒருவர்.

புத்தியுள்ளவள் அன்றைக்கே பதில் போட்டிருப்பாள். நான் போடவில்லை. யாரோ தெரியாத ஆளிடம் என்ன பேசுவது என்று ஒரு வீம்பு. அதற்கு மேல் பயம், அதை ஒத்துக்கொள்ளாமல் இன்னும் இரண்டு மாதம் இரண்டு வடிவம் ஏற்றினேன். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் வந்த பின்னூட்டங்களைப் படிக்காமலே மறைத்தேன். எழுதியவருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், ஒன்றுக்கும் பதிலில்லை. மூன்றுக்குப் பதில் இல்லையென்றால் பேட்சைக் ‘கைவிடப்பட்டது’ என்று போடலாம் என்பது விதி. அதற்கும் விளக்கம் நான்தான் எழுதியிருந்தேன்: “எழுதியவர் இதைத் தொடர விரும்பவில்லை.” ஒரு செவ்வாய்க்கிழமை நிலையை மாற்றினேன். தொலைந்தது சனியன் என்றுகூட வாய்விட்டுச் சொன்னேன்.

இந்தத் தடவை ஐந்தே நிமிஷம்.

“எங்கள விட்டுட்டீங்களா?”

என்ன செய்கிறேன் என்று யோசிக்காமல் நிலையை மறுபடி ‘பார்வையில்’ என்று மாற்றினேன். அதோடு விட்டேனா? அன்றைக்கே உட்கார்ந்து ஒன்பதாவது வடிவத்தைப் பொருத்தி ஏற்றினேன். அழுகிற குழந்தை வாயில் எதையாவது வைத்து அடைப்போமே, அப்படி. பின்னூட்டம் வரவில்லை. அந்த மௌனம் இன்னும் மோசமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, விளக்கப் பக்கத்தின் அடியில் நான் பெருமையாகப் போட்டிருந்த முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது.

“அக்கா, இந்தப் பக்கம் நீங்க எழுதுனதுன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரங்க எந்த ஊர்லேந்து அனுப்புறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல? போன வருஷம் அவங்க கம்பெனி பஸ் எரிஞ்சுபோச்சு. அதுல அவங்களும் இருந்தாங்க, அங்கேயே அடக்கம் பண்ணிட்டோம்னு சொல்லிட்டாங்க. ஆனா அதுக்கப்புறமும் அவங்க வேலை செஞ்சு அனுப்பிக்கிட்டே இருக்காங்க. நீங்க எழுதுனத வச்சுத்தான் நான் எல்லார்க்கிட்டயும் சண்ட போட்டுக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்.”

கடைசியில் வீட்டு விலாசம் இருந்தது. பட்டுக்கோட்டையைத் தாண்டிக் கடலோரத்தில் ஓர் ஊர்.

அதற்கு மின்னஞ்சலில் பதில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. எழுதியிருந்தால் அதையும் சுருக்கித்தான் எழுதியிருப்பேன். மறுநாள் காலை பஸ் ஏறினேன். ஒரத்தநாடு வரைக்கும் இரண்டு பக்கமும் நடவு நடந்த வயல், தண்ணீரில் வானம் கிடந்தது. பட்டுக்கோட்டையில் இறங்கி வேறு பஸ் மாறினேன். வழியெல்லாம் தென்னந்தோப்பு. திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நினைத்தேன்.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கிளிப்பச்சைச் சேலை, கை நிறைய வளையல், தலையில் முக்காடு. “வாங்கக்கா, வாங்க” என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள், நல்ல சேதி கொண்டு வந்தவளைப் போல. உள் அறையில் அவள் மாமியார் படுத்திருந்தார். கூடத்தில் பூப்போட்ட துணி மூடிய கம்ப்யூட்டர். கரண்ட் இருந்தது. டீ கொண்டுவந்து வைத்தாள்.

“அவங்க வாங்கி வச்சதுதான்க்கா. ஃபோன் அடிக்கடி பண்ண முடியாது, இந்தப் பக்கத்தத் தொறந்து பாத்துக்கிட்டே இரு, என் பேருக்கு நேரா புதுசா தேதி விழுந்தா நான் நல்லாயிருக்கேன்னு அர்த்தம்னு சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. அந்தப் பஸ் சேதி வந்தப்ப எல்லாரும் அழுதாங்க. நானும்தான் அழுதேன். பதினெட்டு நாள் கழிச்சு மூணாவது வந்துச்சு. அழுகைய நிறுத்திட்டேன்.”

மூன்றாவது என்னுடையது.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. என் விளக்கப் பக்கம். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்ததாம். ‘அவர் இதில் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்’ என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

“ஜமாத்துல என்னைய இத்தா இருக்கச் சொன்னாங்கக்கா. புருஷன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளு வெளிய வராம, வளையல் போடாம இருக்கணும்ல, அது. மாட்டேன்னுட்டேன். இந்தப் பேப்பர பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கிட்டக் காமிச்சேன். மவுத்தானவங்க வேல செஞ்சு அனுப்புவாங்களான்னு கேட்டேன். அவரு ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டு மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு. இப்ப ஊர்ல வேற மாரி பேசுறாங்க. அங்க வேற குடும்பம் வச்சுக்கிட்டு ஒளிஞ்சிருக்காராம். இருக்கட்டும்க்கா. அப்படியாவது இருந்தாப் போதும்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. இதற்கு மேல் ஒரு நிமிஷம் தாமதித்தாலும் அது இன்னொரு பொய் என்று தோன்றியது. “அது அவர் அனுப்புனது இல்லம்மா” என்றேன். “நான் அனுப்புனது.”

அவளுக்குப் புரியவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரும் திறக்காத அந்த உள் பக்கத்தைத் திறந்தேன். பொடி எழுத்தைப் பெரிதாக்கினேன். என் பக்கத்தில் நின்று விரலைத் திரையில் வைத்தாள்.

“இது மொதலாவது.”

“அது அவர்.”

“ரெண்டாவது?”

“அதுவும் அவர்தான்.”

“மூணு?”

“நான்.”

நாலு என்றாள், நான் என்றேன். ஐந்து. நான். அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒன்பது வரைக்கும் ஒன்றைக்கூட விடாமல் கேட்டாள். ஏழு தடவை நான், நான் என்று சொன்னேன். ஒன்பதாவது முடிந்ததும் அவள் விரல் அதே இடத்தில் இருந்தது. இன்னொரு வரி கீழே வரும் என்று பார்த்ததுபோல் இருந்தது.

“அவங்க பேருல ஏன் போட்டீங்க?”

வழக்கம் அப்படி என்றேன். சொல்லும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருந்தது. ஆங்கில விளக்கத்தில், எழுதியவருக்காக வேறொருவரும் அனுப்பியிருக்கலாம் என்று ஒரு வரி இருந்ததையும், அது நீளமாக இருக்கிறதென்று நான் வெட்டியதையும் சொன்னேன். அவள் அழவில்லை. தலையை லேசாக ஆட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். ஏதோ மாதங்களின் பெயர்கள். எண்ணி முடித்துவிட்டு வளையல்களைப் பார்த்தாள்.

“மவுத்தான நாள்லேந்துதான் கணக்குன்னு ஹஜ்ரத் மொதல்லயே சொன்னாரு. அப்படிப் பாத்தா நாலு மாசம் பத்து நாளு எப்பவோ முடிஞ்சுபோச்சு. இனிமே நான் உக்காந்தாலும் அது இத்தா இல்ல. அந்த நாளெல்லாம் நான் கலர் சேல கட்டிக்கிட்டுக் கடத்தெருவுக்குப் போயி பிரிண்ட் எடுத்துக்கிட்டிருந்தேன்க்கா.”

ஒருவருக்காக உட்கார்ந்து அழுவதற்கென்று அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த நாள்களை, அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது. உள் அறையிலிருந்து மாமியார், “யாரும்மா? புள்ள பேசுறானா?” என்று கேட்டார். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

வாசல் வரைக்கும் வந்தாள். நான் செருப்பு மாட்டும்போது கேட்டாள். “சாப்டாச்சான்னு கேட்டதெல்லாம் நீங்கதான் படிச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“ஒரு பதில் போட்டிருக்கலாம்ல?”

தெருமுனை திரும்பும் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் வெட்டிய வரியைத் திரும்பச் சேர்த்தேன். “இந்த வடிவத்தை அனுப்பியவர், எழுதியவராகவே இருக்க வேண்டியதில்லை. அனுப்பியது யார் என்பதை உள் பக்கத்தில் பார்க்கவும்.” அதோடு நிற்காமல், பொருத்தியவர் பெயரையும் பட்டியலிலேயே பெரிதாகக் காட்ட வேண்டும் என்று குழுவில் சண்டை போட்டேன். அழகாக இல்லை, இடம் அடைக்கிறது என்றார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். பேட்ச் ஒரு வழியாக ‘சேர்க்கப்பட்டது’ ஆயிற்று. இப்போதெல்லாம் கரண்ட் போய் வந்தால் என் தமிழ் கொம்பும் காலுமாக முழுசாகத் திரும்பி வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிளிப்பச்சைச் சேலை ஞாபகம் வரும். அப்பாவோடும் மல்லுக்கு நின்று பட்டாவை மாற்ற வைத்தேன். ஏன் இந்த வெறி என்று அவருக்குப் புரியவில்லை.

சேர்க்கப்பட்டால் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். இல்லை. அந்தச் செயலியை எடுத்து வேறு வேறு செயலிகள் செய்கிறார்கள். முன்பின் தெரியாத யாராவது எங்கோ ஒரு தேசத்தில் அந்தச் சில வரிகளை எடுத்துப் புதிதாக ஒட்டுவார்கள். ஒட்டும்போது அவர் பெயரும் கூடவே போகும், பக்கத்தில் அன்றைய தேதி விழும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை இது நடக்கிறது. அவள் இன்னும் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நடந்தால், என் முகவரிக்குப் பகல் இரண்டே காலுக்கு ஒரு வரி வரும். கரண்ட் கட் நின்று எத்தனையோ காலமாகியும் அவள் நேரம் மாறவில்லை.

“இது யாரு?”

ஒவ்வொரு தடவையும் உள் பக்கத்தைத் திறக்கிறேன். திறக்கும் முன்னால் கை ஒரு கணம் நிற்கிறது. அங்கே யார் பெயர் இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் நிற்கிறது. பிறகு பார்க்கிறேன், யாரோ ஓர் அந்நியர். அவள் கேட்ட ஐந்து நிமிஷத்துக்குள் பதில் போட்டுவிடுவேன், இதில் மட்டும் நான் தாமதிப்பதில்லை.

“அவர் இல்லம்மா.”

போன மாதமும் அப்படித்தான் எழுதினேன். வழக்கமாக அதற்கு மேல் ஒன்றும் வராது. அன்றைக்கு மட்டும் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது.

“சரிக்கா. நீங்க சாப்டாச்சா?”